துண்டுக்குள் பேசிய விலை

துண்டுக்குள் கொடுத்த வாக்குக்கு விலை, நூற்றுக்கு மூன்று ரூபாய். பேரூராட்சி மன்றம் அப்படித்தான் தீர்மானம் போட்டது. தெருவிளக்கு பல்புக்கும் நாய் பிடிப்பதற்கும் நடுவில், வடை ஆறுவதற்குள் நிறைவேறிய தீர்மானம். கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரின் ஆட்டுச் சந்தையில் அதுவரை உருப்படிக்கு இருபது ரூபாய்தான் கட்டணம். இனி விற்ற விலையில் நூற்றுக்கு மூன்று. அந்த விலையைத் தரகர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வாய்விட்டா? அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் போனதிலிருந்து அவள் தரகுக்காரி. அந்தச் சந்தையில் விலை பேசுவது வாயல்ல, விரல். கைகளின் மேல் துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து அழுத்தினால் அதுதான் விலை. பொம்பளை கையை எப்படிப் பிடிப்பது என்று முதலில் கூசியவர்களே இப்போது அவள் கையைத் தேடி வந்தார்கள். உள்ளே பேசியது வெளியே வராது என்பதுதான் காரணம். ஆடு விற்ற சம்சாரியின் மடியில் எவ்வளவு இருக்கிறது என்று கடன்காரனுக்குத் தெரியக் கூடாது. கறிக்கடைக்காரர் என்ன கொடுத்தார் என்று அடுத்த ஆட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாது. ஒரே ஒரு விலையை அவள் உளறினால் போதும், அடுத்த சந்தையில் அவள் கையை எவனும் தொட மாட்டான்.

சனிக்கிழமை சந்தை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான், கட்டண வசூலை ஏலத்தில் எடுத்த நவநீதகிருஷ்ணன். பலசரக்குக் கடை வீட்டுப் பிள்ளை. மணியாச்சிக் கறிக்கடை வேல்சாமி ஒரு கிடாயை விலை முடித்துப் பிடித்துக்கொண்டு அமுதவள்ளியோடு வந்தார்.

“எவ்வளவுக்கு முடிஞ்சுது, அக்கா?”

“முடிஞ்சுது.”

“எவ்வளவுக்குன்னு கேக்குதேன்.”

“ஏன் தம்பி, ஒங்க கடைச் சீனி என்ன கொள்முதல்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கனா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “விலை சொல்லாட்டா நானே மதிப்புப் போடலாம்னு தீர்மானத்துல இருக்கு. இந்தக் கிடா பதினஞ்சாயிரம். நானூத்தம்பது எடுங்க.”

“பதினஞ்சாயிரமா?” வேல்சாமிக்குக் கண் பிதுங்கியது. “ஏ தங்கச்சி, நான் வாங்குனது ஆடா, யானைக்குட்டியா?”

அமுதவள்ளி அவரிடமிருந்து கயிற்றை வாங்கி, கிடாயை மேசைக்காலில் கட்டினாள்.

“சந்தையில வாய்விட்டு விலை சொன்னவன் வாங்கணும், தம்பி. இது எங்க தீர்மானம். ஒங்க மன்றத்துக்கும் முந்தினது. பதினஞ்சாயிரத்தை எண்ணி வச்சிட்டுப் பிடிச்சுட்டுப் போங்க.”

“நான் எதுக்கு வாங்கணும்? நான் வசூலுக்கு வந்தவன்.”

“வாங்கத் துணியாத விலையை எதுக்கு எழுதுதீங்க? கல்லாவுல உக்காந்து ஒரு விலையைச் சொல்லிட்டு, பொறவு இல்லைன்னா ஒங்க அப்பா வீட்டுக்குள்ள விடுவாவளா?”

அது சுருக்கென்று பட்டது. அவன் பேனாவை மூடினான், திறந்தான். அதற்குள் பின்னாலிருந்து தரகர் சங்கரபாண்டி கத்தினார்: “ஏலே, மொதலாளி நல்ல விலை போடுதாவ! எல்லாரும் ஓடியாங்க!” ஒரு நொண்டிக் குட்டியைக் கொண்டுவந்து அடுத்த காலில் கட்டினார். பிறகு யார் யாரோ கட்டினார்கள். ஆடுகள் ஆளுக்கொரு திசையில் இழுக்க, மேசை நகர ஆரம்பித்தது. நவநீதகிருஷ்ணன் நாற்காலியோடு பின்னாலேயே போனான். பேரூராட்சித் தலைவருக்குப் போன் போட்டான். அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ‘மே’ தவிர வேறெதுவும் கேட்டிருக்காது.

“அவுக்கச் சொல்லுங்க அக்கா.”

“பழைய இருபதை வாங்கிட்டு ரசீதைக் கிழிங்க. அவுத்துருவோம்.”

“தரகு லைசென்ஸ் போயிரும், பாத்துக்கோங்க. நோட்டீஸ் வரும்.”

“வரட்டும். அதுக்கு மன்றத்துல வந்தே பதில் சொல்லுதேன். விலையை மட்டும் அங்கயும் சொல்ல மாட்டேன்.”

அவன் ரசீதைக் கிழித்தான்.

சந்தை கலையும்போது அவன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அமுதவள்ளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். உருப்படி நூற்றுப் பன்னிரண்டு. இருபது வீதம் வரவு இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. விற்ற விலை: சொல்லவில்லை. நூற்றுக்கு மூன்று வீதம் வரவேண்டிய பாக்கி: விலை தெரிந்த பின்.