பச்சை வாளி

குப்பை வண்டியின் விசில் சத்தத்துக்கு முன்னால் புகை வந்துவிடும். குல்சும் துண்டை நனைத்துப் பிழிந்து ஜன்னல் கம்பியில் விரித்துக் கட்டினாள். அது என்ன கோட்டைச் சுவரா? பிளாஸ்டிக் கருகும் நாற்றமும் கோழிக்கடைக் கழிவு வேகும் நாற்றமும் துண்டைத் தாண்டி உள்ளே வந்தன. கட்டிலில் ஆறு வயது தௌஹீத் எழுந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம்.

பெற்ற வயிறு சும்மா இருக்குமா? வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் இருந்த இரும்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பூவம்மாள் கழியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். பேரூராட்சியில் ஒப்பந்தக் கூலிக்குக் குப்பை வாருகிறவள்.

"ஏன் பூவம்மா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? புள்ள மூச்சு வுட முடியாம கெடக்குறான்!"

"நான் இன்னா பண்றது பாயம்மா? டிராக்டர் வந்து எவ்ளோ நாளாவுது பாருங்க. ரொம்பிச்சின்னா கொளுத்துன்றாரு மேஸ்திரி. கொளுத்தலன்னா நாளைக்கு வேலைக்கு வராதேன்றாரு." இருமிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எனுக்கு மட்டும் இது பன்னீரா?"

பேரூராட்சியிலிருந்து வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்துப் போயிருந்தார்கள். சாப்பாட்டுக் கழிவு பச்சையில், பிளாஸ்டிக்கெல்லாம் சிவப்பில். குல்சும் பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்துத்தான் சிவப்பு வாளியில் போடுவாள். பூவம்மாளின் தள்ளுவண்டியிலும் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு டிரம் இருந்தன. தெருமுனைக்குப் போனதும் இரண்டும் ஒரே தொட்டியில் கவிழும். "அப்புறம் நாங்க இன்னாத்துக்குப் பிரிக்கிறோம்?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "தொட்டி ஒண்ணுதானே பாயம்மா இருக்குது" என்று பூவம்மாள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகவே குல்சுமால் அவளோடு ரொம்ப நேரம் சண்டை போட முடியாது. ரம்ஜானுக்கு ரம்ஜான் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் பிரியாணி கொடுப்பாள். மறுநாளே தூக்கு திரும்பி வரும், உள்ளே முருங்கைக்கீரையோடு. "வெறும் பாத்திரத்தை எப்டி பாயம்மா தர்றது? எங்க ஊட்டு வாசல்ல மரம் சும்மாதானே நிக்குது."

தொட்டியை எடுக்கச் சொல்லித் தெருப் பெண்கள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனபோது, குல்சும் பூவம்மாளையும் கூப்பிட்டாள். அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று அவளும் வந்தாள். "பாயம்மா சொல்றது நெசந்தான் சார். அந்தப் புள்ளைக்கு ரொம்ப இழுக்குது" என்றாள். "சரி சரி, நீ வெளிய நில்லு" என்றார் அதிகாரி.

அவள் வெளியே போனதும் அவர் நாற்காலியில் சாய்ந்தார். "எடுக்கலாம். எங்க வெக்கிறது? நீங்களே சொல்லுங்க."

"ஊடு இல்லாத எடமா பாத்து வெய்ங்க சார்" என்றாள் குல்சும்.

"ஏரிக்கரை ஓரம் புறம்போக்கு காலியாத்தான் கெடக்குது."

"அங்கயே வெய்ங்க சார். புண்ணியமாப் போவும்."

அந்த வாரமே தொட்டி போய்விட்டது. இருந்த இடத்தில் யாரோ பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், யாரோ கோலம் போட்டார்கள். தௌஹீத் ராத்திரியில் முழுசாகத் தூங்கினான். அவன் மூச்சு சீராக வந்து போவதைக் கேட்டுக்கொண்டு குல்சும் விழித்தே கிடந்தாள். அவ்வளவு சந்தோஷம். சிப்காட் பக்கம் போல்ட்டு நட்டு கடை வைத்திருக்கும் அவள் கணவன் ரஷீத், "கும்மிடிப்பூண்டிக்கே நீ சேர்மன் ஆயிடுவ போல" என்று கிண்டல் செய்தான்.

ரம்ஜான் வந்தது. மதியம் தாண்டியும் பூவம்மாள் வரவில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான், இத்தனை வருஷத்தில் அவள் வீடு எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை என்பது குல்சுமுக்கு உறைத்தது. டீக்கடையில் கேட்டாள்.

"குப்ப வார்ற பூவம்மாவா? நேரா ஏரிக்கரைக்குப் போங்க. தொட்டி இருக்குது பாருங்க, அதுக்கு எதுத்த ஊடு."

குல்சும் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு போனாள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடுகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு முன்னால் அந்தத் தொட்டி, ஒரு பக்கம் நசுங்கியிருந்த அதே தொட்டி. வழிந்த குப்பை வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. நடுவில் எங்கோ புகைந்துகொண்டிருந்தது. பூவம்மாள் வீட்டு வாசலில் நனைத்த புடவை ஒன்று தொங்கியது. உள்ளே அவள் மகள் செல்வியின் மடியில் கைக்குழந்தை. அதன் நெஞ்சுக்குள்ளும் பூனைக்குட்டி கத்தியது. இந்தச் சத்தம் குல்சுமுக்கு மனப்பாடம்.

"பாயம்மா! நீங்க ஏன் இங்க வந்தீங்க?" பூவம்மாள் பதறிக்கொண்டு எழுந்தாள். "பேத்திக்கு ரெண்டு நாளா ஒரே பேஜாரு. அதான் வர முடியல. எவனோ இத காலி எடம்னு சொல்லிட்டானாம். அவன் கண்ணுல நாங்க தெரியவே இல்ல போலக்குது."

வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் பாரமாவது இறங்கும். ஆனால் குல்சும், "டாக்டராண்ட காட்டுனியா?" என்று மட்டும் கேட்டாள்.

பூவம்மாள் பிரியாணியைத் தன் சட்டியில் மாற்றிவிட்டு, முருங்கை மரத்தில் ஒரு கொத்தை ஒடித்தாள். இலையெல்லாம் கரி. குடத்துத் தண்ணீரில் முக்கி அலசினாள், தண்ணீர் கறுத்தது. மறுபடியும் அலசி உதறி, சாக்கிலிருந்து உருவிய நீல நைலான் நூலால் கட்டித் தூக்கில் வைத்தாள். "வெறும் பாத்திரமா தர மாட்டேன்" என்றாள்.

வீட்டில் ரஷீத் கீரையை மோந்து பார்த்தான். "அத ஆக்காத. புள்ளைக்கு இப்பதான் இழுப்பு நின்னுருக்குது."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. குல்சும் கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, பழகிய கை, பச்சை வாளியில் போட்டு மூடியது.

காலையில் விசில் ஊதியபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ஓடினாள். அதற்குள் பூவம்மாள் வாளியின் மூடியைத் திறந்துவிட்டிருந்தாள்.

"பூவம்மா, அது வந்து..."

பூவம்மாள் நிமிரவில்லை. கீரைக் கட்டை வெளியே எடுத்தாள். நீல நூலின் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். நூலைச் சிவப்பு டிரம்மில் போட்டாள், கீரையைப் பச்சை டிரம்மில் போட்டாள். வாளியைத் தட்டிக் கவிழ்த்து வாசலில் வைத்துவிட்டு, விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டு, வண்டியை ஏரிக்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.