மூணுதரத்தின் முன்பல்

ஏலக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மூணுதரம்' என்றால்தான் தெரியும். வீட்டைக் காலி செய்தவர்களின் பீரோ, மூடிய ஹோட்டலின் கட்டில், எதுவானாலும் அவர் மேடையேறி மரச் சுத்தியலைத் தூக்கி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்தால், வேடிக்கை பார்க்க வந்தவன் கையும் தானாக உயரும். மைக் கேட்க மாட்டார். அந்த வாய்க்கு அவ்வளவு மரியாதை.

வீட்டில் அந்த வாய் வேறு மாதிரி பேசும். சில நாள் கையும் பேசும்.

ஒருநாள் அவர் மனைவி சமையலறையில் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். தம்பி ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள். கூடத்திலிருந்து கணவர் கூப்பிட்டது காதில் விழவில்லை.

"நான் இங்க கத்திக்கிட்டு இருக்கேன், உனக்கு அங்க சிரிப்பா?"

மோதிரக் கை சிரித்த வாயின் மேலேயே விழுந்தது. மேல் வரிசையில் ஒரு முன்பல் வேரோடு தெறித்தது. பக்கத்துப் பல் பாதியில் உடைந்து நின்றது. உதடு கிழிந்தது.

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டா" என்று பல் டாக்டரிடம் அவரே சொன்னார். அந்த டாக்டர் இளம் வயதுக்காரர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உடைஞ்ச பல்லோட வேர் நல்லா இருக்கு. ரூட் கேனால் பண்ணி, மேல கேப் போட்டா ரொம்ப வருஷம் உழைக்கும். விழுந்துபோன பல்லுக்கு மட்டும் வேற வழி பார்க்கலாம்" என்றார்.

"வீட்டுக்குள்ள இருக்கறவளுக்கு எதுக்கு டாக்டர் இவ்வளவு? ரெண்டையும் எடுத்துட்டு கழட்டி மாட்டுற செட் ஒண்ணு குடுங்க."

அவளை யாரும் கேட்கவில்லை. வாயில் பஞ்சு இருந்தது. பிழைத்திருக்க வேண்டிய பல்லை இடுக்கி பிடித்து ஆட்டியபோது வலிக்கவில்லை, மரத்துப் போயிருந்தது. ஆனால் வேர் எலும்பை விட்டுக் கழலும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. அந்தச் சத்தம் பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை.

இளஞ்சிவப்புத் தகட்டில் இரண்டு பல், பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி. படுக்கும்போது கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட வேண்டும். அந்த டம்ளர்தான் மூணுதரத்துக்குப் புதிய பிரம்பாயிற்று. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும், மறுநாள் காலை டம்ளரில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். அவள் யாருக்கும் கதவைத் திறக்க மாட்டாள். மணி அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நிற்பாள். சாயங்காலம் வந்து பையிலிருந்து எடுத்து, "இந்தா, பேச்சு வேணுமா?" என்று நீட்டுவார்.

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. அந்த வீட்டில் அது சட்டமாகவே இருந்தது.

தம்பி கல்யாணத்தன்றும் அப்படித்தான் செய்தார். முந்தின நாள், கட்டுகிற புடவையைப் பற்றி ஒரு வாக்குவாதம். காலையில் டம்ளர் காலி. மூணுதரம் மட்டும் தனியாகப் போய், "அவளுக்குக் காய்ச்சல்" என்று சொல்லி, முன்வரிசையில் உட்கார்ந்து வாழ்த்திவிட்டு வந்தார். தம்பி மாலையும் கழுத்துமாக வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் போனை எடுக்கவில்லை. தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை கிடந்தாள். அழுகை நின்றபோது உள்ளே வேறொன்று உட்கார்ந்திருந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமி வேண்டாம். ஒரே ஒரு காலைப்பொழுது போதும் என்று இருந்தது.

அது வர நாளாயிற்று. ஆனால் வந்தது.

மூணுதரத்துக்குச் சர்க்கரை வியாதி. போதாததற்கு சிகரெட். ஈறு கரைந்து, மேல் முன்பற்கள் நான்கும் ஆட ஆரம்பித்தன. பேசும்போது காற்று சீறியது. மனிதர் பயந்துபோனார். நகரத்திலேயே நல்ல பல் டாக்டர் என்று விசாரித்து ஒரு டாக்டரம்மாவிடம் போனார். ஊசி என்றால் அவருக்கு நடுக்கம், அதனால் மனைவியையும் கூட்டிப் போனார்.

"நாலையும் எடுத்துத்தான் ஆகணும். பக்கத்துப் பல்லைத் தாங்கலா வச்சு பிரிட்ஜ் கட்டலாம்னா, அதுங்களே ஆட்டம் கண்டிருக்கு. தாங்காது" என்றார் டாக்டரம்மா. "முதல்ல சர்க்கரையைக் கட்டுக்குள்ள கொண்டு வாங்க, சிகரெட்டை விடுங்க. அப்புறம் எலும்புல திருகு மாதிரி இம்ப்ளான்ட் வைக்கலாம். எலும்பு அதைக் கவ்விப் பிடிக்க மாசக்கணக்குல ஆகும். அதுக்கப்புறம்தான் மேல நிரந்தரப் பல். அதுவரைக்கும் கழட்டி மாட்டுற செட்தான்."

"எது ஒசத்தியோ அதையே பண்ணுங்க டாக்டர். என் பொழப்பே இந்த வாய்தான்" என்றார் மூணுதரம்.

சுவரோரம் நின்றிருந்த மனைவி அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

பல் எடுத்த அன்று அவர் பஞ்சைக் கடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். கை கழுவிக்கொண்டே டாக்டரம்மா அவளைப் பார்த்தார்.

"உங்க செட் லொடலொடன்னு இருக்கே. பேசும்போது இறங்குது பாருங்க. பல்லு எப்படிப் போச்சு?"

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்."

டாக்டரம்மா அருகில் வந்து, அவள் மேலுதட்டுத் தழும்பை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, நாற்காலியின் கைப்பிடியில் கிடந்த மூணுதரத்தின் மோதிர விரலைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக் குளியலறை மோதிரம் போட்டிருக்குமா?"

மூணுதரத்தின் கண்கள் அகன்றன. வாயில் பஞ்சு. 'ம்ம்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கே பயமாக இருந்தது.

கிளம்பும்போது, கணவர் முன்னால் இறங்கிப் போனபின், அவள் மட்டும் திரும்பி வந்தாள்.

"டாக்டர், புண் ஆறினதுக்கு அப்புறம், இவரு ஒருநாள் அந்த செட்டு மாட்டலேன்னா உடம்புக்கு ஏதும் கெடுதல் வருமா?"

டாக்டரம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஒரு கெடுதலும் வராது. வலியும் இருக்காது. அழகும் பேச்சும்தான் போகும்."

"அது போதும்" என்றாள்.

புண் ஆறியது. இம்ப்ளான்ட்டும் வைத்தாயிற்று. எலும்பு பிடிப்பதற்காகக் காத்திருந்த காலத்தில்தான் அந்தப் பெரிய ஏலம் வந்தது. மூடிப்போன பெரிய நூலாலையின் சாமான் மொத்தமும் ஒரே நாளில். வெளியூர் வியாபாரிகள், வங்கிக்காரர்கள், மூணுதரத்தின் அண்ணன் தங்கை குடும்பங்கள் என்று எல்லோருக்கும் அழைப்பு போயிருந்தது.

அன்று காலை மூணுதரம் எழுந்து பார்த்தபோது டம்ளரில் வெறும் தண்ணீர். மனைவியைக் காணவில்லை. அவள் புடவைகளும் இல்லை. கூப்பிட்டால் அவள் போனை எடுக்கவில்லை. கட்டிலைப் புரட்டினார், குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். ஏலத்தைத் தள்ளிப்போட வழியில்லை. வேறொருவரை மேடையேற்றினால் தொழில் அந்த ஆளோடு போய்விடும். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கிளம்பினார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையேறினார். முன்வரிசையில், தன் தம்பியின் பக்கத்தில், மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் சாமானுக்கு விலை கேட்டு முடிந்தது. சுத்தியலைத் தூக்கிவிட்டு யோசித்து நின்றார். கூட்டம் காத்திருந்தது. கைக்குட்டை இறங்கியது.

"ஒரு ஹரம்..."

நாக்கு முட்ட அங்கே பல் இல்லை. காற்றுதான் போயிற்று. பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"ரெண்டு ஹரம்..."

இப்போது மண்டபமே சிரித்தது. அவருடைய சொந்தத் தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூணுதரத்தின் முகம் ரத்தமாகச் சிவந்தது. மனைவியைப் பார்த்து ஏதோ கத்தினார். அதுவும் புரியவில்லை. சிரிப்பு கூடியது.

அவள் எழுந்தாள். மேடைக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். எத்தனையோ வருடமாகக் கண்ணாடி முன்கூடச் செய்யாத ஒன்றைச் செய்தாள். தன் வாயில் விரலை விட்டுச் செட்டைக் கழற்றினாள்.

"எனக்கும் இப்படித்தான் பேச்சு வரும்" என்றாள். வார்த்தைகள் குழறின. ஆனால் மண்டபம் அடங்கிவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது. "நான் குளியலறையில விழல. போன்ல சிரிச்சேன்னு இவரு குத்துனாரு. எதிர்த்துப் பேசுனா இந்த செட்டை எடுத்துப் பையில போட்டுக்குவாரு. என் தம்பி கல்யாணத்தன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல. வாயில பல்லு இல்ல."

முன்வரிசையில் தம்பி எழுந்து நின்றுவிட்டான். இதில் பாதி அவனுக்கே அன்றுதான் தெரியும்.

அவள் கைப்பையைத் திறந்து, நான்கு பல் கொண்ட தகட்டை எடுத்து, சுத்தியலின் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தாங்க, இதையும் ஏலம் விடுங்க. யாராவது கேக்குறாங்களான்னு பார்ப்போம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மூணுதரம் செட்டை எடுக்கக் கை நீட்டினார். அவசரத்தில் அது கை வழுக்கி, மேடைப் பலகையில் விழுந்து உருண்டது. நகரமே பார்த்துக்கொண்டிருக்க, அவர் மண்டியிட்டு மேசைக்கடியில் தேடினார். அவள் நின்று முழுவதையும் பார்த்தாள். ஒரு நொடியைக்கூட விடவில்லை. பிறகுதான் தம்பியோடு இறங்கிப் போனாள்.

காரில் தம்பி, "சொல்லியிருந்தா நான் வந்து அவர் பல்லை உடைச்சிருப்பேனேக்கா" என்றான்.

"அதுக்குத்தான் சொல்லல. உடைச்சா என்னைப் பாவம்னு யாரு சொல்லுவாங்க? அவரைத்தான் சொல்லுவாங்க."

தம்பி வீட்டில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். தம்பி மனைவி எதுவும் துருவிக் கேட்கவில்லை. ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. டாக்டரம்மாவிடம் தானே போனாள். இம்ப்ளான்ட் வைக்க முடியாதபடி அவளுக்கு எலும்பு தேய்ந்திருந்தது. ஆனால் இரண்டு பக்கத்துப் பற்களும் உறுதி. அவற்றைக் கொஞ்சம் ராவி, அளவெடுத்து, பிரிட்ஜ் ஒட்டினார்கள். டாக்டரம்மா கண்ணாடியை நீட்டி, "இது கழட்ட வராது. யாராலயும்" என்றார். அவள் நாக்கால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வீடு வந்தாள்.

மூணுதரத்துக்கும் நிரந்தரப் பல் வந்தது. ஏலம் மட்டும் முன்போல வரவில்லை. அவர் சுத்தியலைத் தூக்கினால், "பார்த்து, வழுக்கிடப் போகுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழும். பெண்கள் அவர் ஏலத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூணுதரம் அவள் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். அவளே கதவைத் திறந்தாள்.

"தப்புதான். மன்னிச்சிடு. வீட்டுக்கு வா." ஒவ்வொரு எழுத்தும் மணிமணியாக இருந்தது.

அவள் அவர் வாயையே பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. வராததில் வருத்தமும் வரவில்லை.

"டாக்டரம்மா கைவேலை சுத்தம். பேச்சு நல்லா வருது" என்றாள். "இனிமே தனியாவே பேசிக்குங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளே தம்பி மனைவி, "யாரு அண்ணி?" என்று கேட்டாள்.

"விலாசம் மாறி வந்துட்டாங்க."