இடப்பக்கத்து நாற்காலி

லிஃப்ட் மெக்கானிக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மகள் ஒற்றைப் பையோடு வந்து நிற்கிறாள். மாப்பிள்ளை வரவில்லை. "சும்மாதான் வந்தேன், சாயங்காலம் போயிடுவேன்" என்கிறாள். சும்மா வந்தவள் முகம் இப்படியா இருக்கும்?

போதாக்குறைக்கு நாளை சபையில் பெரியவர்கள் வகுப்புக்கு அவர்தான் பாடம் எடுக்க வேண்டும். தலைப்பு, ஞானம். "வேதம் சொல்ற ஞானம் மண்டையில ஏத்துற படிப்பு இல்ல பிரதர், கைத்தொழில் மாதிரி. தினமும் வீட்டுல செஞ்சு பழகறது. நீங்க எடுத்தாத்தான் எல்லாருக்கும் புரியும்" என்று போதகர் ஐஸ் வைத்துவிட்டுப் போயிருந்தார். பாடத்தின் முதல் பகுதியே செவிகொடுத்துக் கேட்பது. மனிதர் விழுந்து விழுந்து தயார் செய்திருந்தார்.

தயார் செய்தது மொத்தமும் மகள் தலையில்தான் இறங்கியது. அவளுக்கு இடப்பக்கமிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பவும் வந்து உட்கார்ந்தார்.

"அப்பா, அவருக்கு என் மேல கோபம்..."

"கோபம் வராத மனுஷன் யாரும்மா? நீ சாந்தமா ஒரு பதில் சொல்லிப் பாரு."

"அதில்லப்பா, நான் பதிலே..."

"பதிலே சொல்லலையா? அப்ப தப்பு உன் மேலதான்!"

அதன்பிறகு அவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அழுத்தக்காரி, அப்படியே அவள் அம்மா மாதிரி என்று நினைத்துக்கொண்டார். அவள் எழுந்து பையை எடுத்தாள்.

அந்த அம்மாக்காரி சமையலறைக்குள் அவரைக் கூப்பிட்டாள்.

"மோட்டார் முனகினா என்ன செய்வீங்க? ஸ்க்ரூடிரைவர் நுனிய அதுமேல வெச்சு, பிடியைக் காதுல ஒட்டி, மூச்சு விடாம கேப்பீங்க. என்ன கோளாறுன்னு தெரியற வரைக்கும் ஒரு போல்ட்டையும் தொட மாட்டீங்க. பெத்த பொண்ணை மட்டும் கேக்குறதுக்கு முன்னாடியே கழட்டிப் போடுறீங்களே!"

சுருக்கென்றது. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டு இருப்பது இத்தனை பெரிய வேலை என்று அவருக்கு இதுவரை தெரியாது. அருமையான புத்திமதியெல்லாம் நுனிநாக்கு வரை வந்தது, கஷ்டப்பட்டு விழுங்கினார். கைகள் நிலைகொள்ளாததால் அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வாசல்வரை போன மகள் அதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தக் காது கேக்கலப்பா." இடது காதைத் தொட்டாள். "ரெண்டு மாசமா. அவர் கூப்பிடுறது தெரியாம நான் பாட்டுக்கு இருக்கேன். மதிக்கலன்னு நினைக்கிறார். சொன்னா என்னை வேண்டாம்னுடுவாரோன்னு பயமா இருக்கு. டாக்டர்கிட்ட தனியாப் போகவும் பயம். கூட வருவீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

காலையிலிருந்து அவர் பொழிந்ததெல்லாம் அந்தக் காதுப் பக்கம் உட்கார்ந்துதான். பாதி அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அதுவரைக்கும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தபோதே அவருக்கு அழுகை முட்டியது.

எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்து, அவளுக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"வரேம்மா. முதல்லேருந்து சொல்லு" என்றார்.