கிணறு வரை சொன்ன கதை

முப்பத்தொன்று. கோட்டை வாசலில் நின்று சுற்றுலாப் பயணிகளை அவள் மறுபடி எண்ணினாள். மறுபடியும் முப்பத்தொன்றுதான். காலையில் படகு இறக்கிவிட்டதோ முப்பத்திரண்டு பேரை.

படகுத்துறையிலிருந்து ஹார்ன் அலறியது. ஒரு மணிக்கு மேல் தண்ணீர் வற்றிப் படகு தரைதட்டிவிடும், அப்புறம் சாயங்காலம்தான். மணி பன்னிரண்டே முக்கால். கோட்டைக்குப் பின்னால், வழிகாட்டிக்கென்று கட்டிய ஒற்றை அறை வீட்டில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். இந்தப் படகைப் பிடித்தால் ஆஸ்பத்திரி. பிடிக்காவிட்டால் என்ன என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

காலையில் படகு திரும்பிப்போன பிறகுதான் வலி வந்தது. போன் செய்தாள். "இன்ஜின் மக்கர் பண்ணுதும்மா, பன்னெண்டரைக்கு முன்னாடி முடியாது" என்றான் படகுக்காரன். தீவுக்கு வேறு படகு கிடையாது. அப்பாவோ படுத்தபடியே அவளை விரட்டினார். "நான் எங்கயும் ஓடிட மாட்டேன். வந்தவங்களப் போய்ப் பாரு." கூட்டத்தோடு கோட்டைக்குள் இருக்கும் கலங்கரை விளக்கத்தில் ஏறுமுன் ஒருமுறை ஓடிவந்து பார்த்தாள். கண்மூடிக் கிடந்தார், மூச்சு சீராக வந்தது.

எண்ணிக்கை சரியாகாமல் வாசலைப் பூட்டக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஒருமுறை புதுமாப்பிள்ளை ஒருவன் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் படம் எடுத்துக்கொண்டே நின்றுவிட, பெண்டாட்டி மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தாள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை என்பார், சிரிக்காமல்.

"அந்த முழங்கால் வலிக்காரரக் காணோம்" என்றாள் கூட்டத்தில் ஒரு பெண். "படி ஏற முடியாதுன்னு கீழயே நின்னுட்டாரே."

அவரை வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னதே இவள்தான். பெஞ்ச் காலியாக இருந்தது. வெடிமருந்து அறைக்கு ஓடினாள், சிறைக்கு ஓடினாள். ராஜா கிணற்றையும் எட்டிப் பார்த்தாள். அந்த மனுஷன் மட்டும் கையில் கிடைத்தால் கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது.

படகுக்காரன் துறையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தான். "யாரோ ஒருத்தருக்காக உங்கப்பாவ விட்டுடுவியா? மொதல்ல அவரத் தூக்குவோம், வா!"

அப்பாவின் சட்டத்தை அன்றுதான் முதல்முறையாக மீறினாள். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. கட்டிலருகே முக்காலியில் முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா வாம்மா. இப்பதான் கண்ணசந்தாரு. நெழலத் தேடி இந்தப் பக்கம் வந்தப்ப, தண்ணி கேக்குற சத்தம் கேட்டு உள்ள வந்தேன். 'மேல போகலயா'ன்னு கேட்டுட்டு, படுத்த எடத்துலருந்தே முழுக் கோட்டையையும் சுத்திக் காட்டிட்டாரு. என்ன ஞாபகசக்திம்மா!"

அவள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். வாசல்வரை வந்த படகுக்காரன் அங்கேயே நின்று தொப்பியைக் கழற்றினான். முழங்கால் வலிக்காரர் அதைக் கவனிக்கவில்லை.

"முற்றுகை போட்டு நாப்பதாவது நாளு. தண்ணி எறைக்கிறவன் ராஜா கிணத்துல மூட்டை மூட்டையா உப்பக் கொட்டுறான். அதோட நிறுத்திட்டாரு. அப்புறம் என்னம்மா ஆச்சு?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் பேசியபோது வந்தது, தினமும் கிணற்றடியில் நின்று பயணிகளுக்குக் கதை சொல்லும் அதே குரல்.

"குடிக்கத் தண்ணி இல்லாமப் போச்சு சார். தளபதிக்கு வேற வழியில்ல, கதவத் தொறந்துட்டான். உள்ள இருந்தவங்க வரிசையா வெளிய வந்தாங்க. வாசல்ல நிக்க வச்சு ஒவ்வொருத்தரா எண்ணினாங்க."

"எண்ணிக்கை சரியா இருந்துச்சா?"

அப்பாவின் கையை அவள் இன்னும் விடவில்லை.

"இருந்துச்சு சார். ஒருத்தர்கூடக் குறையல."