நூற்று நாற்பத்தேழாவது ஸ்லைட்

நிருபமாவின் மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தது. அஜிதாவின் வயிற்றெரிச்சலுக்கு அதுதான் காரணம். மோசமாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பரிதாபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

ஜெர்மனியின் எசன் நகரத்துச் சின்ன அரங்கு ஒன்று 2007ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒரு பழைய இத்தாலிய ஓபராவை எடுத்தது. இருநூற்றைம்பது வருடமாக யாரும் தொடாத ஓபரா. இசையமைத்தவரின் பெயர் சுவரொட்டியில் கையகல எழுத்தில் இருந்தது. கதையையும் பாட்டு வரிகளையும் எழுதிய பாஸ்குவாலே திரெவிசானின் பெயர், உடுப்புத் தைத்தவரின் பெயருக்கும் கீழே கிடந்தது.

திரெவிசானைப் பற்றி நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிய ஒரே ஆள் அஜிதாதான். அவளுடைய முதுகலை ஆய்வே அவன். செருப்புத் தைப்பவனின் மகன். அந்த வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டி வாசித்தவன். ரைன் நதிக்கரையில் ஏதோ ஒரு சிற்றரசனின் அரண்மனைக்குப் பிழைக்க வந்து, தன் மொழி புரியாதவர்களைச் சிரிக்கவைக்க எழுதியவன். அஜிதாவும் தன் வீட்டின் முதல் பட்டதாரி. நாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவள். அவனைத் தன் சித்தப்பா முறை ஆளைப்போல உரிமையோடு வைத்திருந்தாள்.

இவ்வளவும் படித்தவளுக்கு அந்த அரங்கு கொடுத்தது பொத்தான் அமத்தும் வேலை. மேடையில் இத்தாலிய மொழியில் பாடும்போது, மேலே தொங்கும் கறுப்புப் பலகையில் ஜெர்மன் வரிகள் வரும். அவை தாமாக வருவதில்லை. அரங்கின் பின்பக்கம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இசைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒருத்தி இருப்பாள். வரிக்கு வரி கணினியில் ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு ஸ்லைட். மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று.

“பொத்தான் அமத்தவோ ஏழு வருஷம் படிச்சனீ?” என்று கேட்டாள் அம்மா குணேஸ்வரி. ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை முடித்து வந்து கால் நீட்டியிருந்த நேரம்.

“ஓம். சரியான நேரம் பார்த்து அமத்தவேணும். அதுக்குத்தான் படிப்பு.”

“லிஃப்டிலயும் எல்லாரும் சரியாத்தான் அமத்தினம்.”

அஜிதா இசைப் புத்தகத்தை எடுத்து விரித்தாள்.

அந்த ஜெர்மன் வரிகளை எழுதும் வேலை நிருபமாவுக்குப் போயிருந்தது. நிருபமா சென்னைக்காரி. அப்பா நீதிபதி. ஃப்ளாரன்ஸில் இத்தாலியன் படித்தவள், ஜெர்மன் பேசத் தொடங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அரங்கின் உரைப்பகுதிப் பொறுப்பாளன் பீலிக்ஸ் அவளைக் கொலோனில் ஒரு விருந்தில் சந்தித்தான். அங்கேயே வேலையைக் கையில் கொடுத்துவிட்டான். அஜிதாவும் மாதிரிக்கு இருபது பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது பீலிக்ஸ் மிகவும் அன்பாகச் சொன்னான்: “உன் ஜெர்மன் சரியாக இருக்கிறது அஜிதா. அவளுடையது பாடுகிறது.”

சரியாக இருக்கிறதாம். நாலு வயதிலிருந்து இந்த மொழியில் அடி வாங்கி, அம்மாவுக்கு ஒவ்வொரு அரசாங்க விண்ணப்பமும் நிரப்பிக் கொடுத்து வளர்ந்தவளுக்கு இது ஒரு சான்றிதழ். அதோடு விட்டானா? அடுத்த பருவத்திலிருந்து இந்தப் பலகை எழுத்துக்கென்று ஒரு நிரந்தர வேலை வருகிறது, முதல் காட்சி எப்படிப் போகிறதென்று பார்த்துவிட்டு உங்கள் இருவரில் ஒருவரைக் கூப்பிடுவேன் என்றும் சொல்லிவைத்தான்.

நிருபமா எல்லோருக்கும் பிடித்தமானவளாக இருந்தாள். அஜிதாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் தீசிஸ் இல்லைன்னா நான் காலி. நைட் ஃபுல்லா உக்காந்து படிச்சேன். அப்புறம் உன் தமிழ் இருக்கே, ரொம்ப ஸ்வீட். இன்னொரு தடவை ‘ஏலாது’ன்னு சொல்லேன்.”

“சொல்ல ஏலாது” என்றாள் அஜிதா. நிருபமா விழுந்து விழுந்து சிரித்தாள். அஜிதா பகிடிக்குச் சொல்லவில்லை.

முதல் காட்சிக்கு இரண்டு கிழமை, பதினாலே நாள், இருக்கும்போது நிருபமாவின் கோப்பு முழுவதும் அஜிதாவின் கணினிக்கு வந்தது. பிழை தேடித்தான் படித்தாள். வரி வரியாகப் படித்து, வரி வரியாகத் தோற்றாள். தான் மூன்று நாள் முட்டி மோதிய இடத்தை இவள் நாலு சொல்லில் தாண்டியிருந்தாள். இரண்டு இடத்தில் அஜிதாவுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்து அன்று முழுக்க எரிந்தாள்.

பிறகு நூற்று நாற்பத்தேழாவது ஸ்லைட் வந்தது.

கிழட்டு வியாபாரி கல்யாண ஆசையோடு நிற்கிறான். வீட்டு வேலைக்காரி அவனிடம் பாடுகிறாள்: “ஐயா, உங்களை நினைத்து ஊரிலுள்ள பெண்களெல்லாம் அழுகிறார்கள்.” அவன் மீசையைத் தடவுகிறான். ஓபோ என்ற குழல் எட்டுத் தாளத்துக்குத் தனியாக இழுக்கிறது. அது நின்றதும் அவள் முடிக்கிறாள்: “எங்கே உங்களுக்குக் கட்டிவைத்துவிடுவார்களோ என்று.” அந்த எட்டுத் தாளத்துக்காகத்தான் திரெவிசான் அந்த வரியையே எழுதினான். இரண்டு வரியையும் இரண்டு ஸ்லைடாகப் பிரிக்கவேண்டும். நிருபமா ஒரே ஸ்லைடில் போட்டிருந்தாள். மேசையில் இருந்து எழுதுகிறவர்கள் செய்யும் பிழை. பாடகி வாய் திறக்குமுன் சனம் மேலே வாசித்துச் சிரித்துவிடும்.

ஒத்திகையில் இது வெளியே தெரியாது. அங்கே இருப்பவர்கள் அந்தப் பகிடியை நூறு தடவை கேட்டவர்கள். யாரும் சிரிக்கப்போவதில்லை.

நிருபமாவிடம் ஒரு சொல் சொன்னால் போதும். ஒரு நிமிட வேலை. அஜிதா அந்த ஒரு சொல்லை இரண்டு கிழமை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

திரெவிசானும் இதைச் செய்திருக்கிறான். அவனுக்கு ஐம்பது வயதானபோது ரோமிலிருந்து ஓர் இளம் கவிஞன் அதே அரண்மனைக்கு வந்து சேர்ந்தான். அந்தக் காலத்தில் பெரிய பாடகி தன் பாட்டைப் பாடி முடித்ததும் மேடையை விட்டுப் போய்விடவேண்டும், கைதட்டல் அவள் முதுகுக்குப் பின்னால் விழவேண்டும். இளையவன் அது தெரியாமல் பாட்டு முடிந்த பிறகும் அவளை மேடையிலேயே நிறுத்தி எழுதிவிட்டான். அச்சுப்படி பார்த்தவன் திரெவிசான். கண்டான், பேசாமல் இருந்தான். பாடகி போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் தடுமாறினாள். இளையவன் ரோமுக்குத் திரும்பிப்போனான். “நான் ஒன்றும் செய்யவில்லை, அதை மிகுந்த கவனத்தோடு செய்தேன்” என்று தம்பிக்குக் கடிதம் எழுதினான் திரெவிசான். ஆய்வின் தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் அஜிதா இதைப் பற்றி எழுதியிருந்தாள்: இவன் வாழ்க்கையிலேயே கேவலமான காரியம் இது. அந்த வசனத்துக்கு அருகே பேராசிரியர் பென்சிலால் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்.

முதல் காட்சி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு. அரங்கு நிறைந்திருந்தது. நூற்று நாற்பத்தாறு வரை அஜிதா தட்டியதெல்லாம் அச்சொட்டாக விழுந்தது. சனம் நிருபமாவின் வரிகளுக்குச் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் கண்ணாடியைத் தாண்டி வந்து அவளுக்குள் குத்தியது. வேலைக்காரியாக நடித்த மக்டலீன் வாயைத் திறந்தாள். இப்போதுகூடப் பிந்தித் தட்டலாம். ஓபோ முடியும்வரை பலகையை வெறுமையாக விட்டால் தப்பிவிடும். பகிடியும் தப்பும், அவளும் தப்புவாள்.

புத்தகத்தில் குறித்த இடத்தில், சரியான நேரத்தில், அஜிதா தட்டினாள்.

அரங்கு வெடித்துச் சிரித்தது. மக்டலீன் திடுக்கிட்டாள். உடுப்புத்தான் கிழிந்துவிட்டதென்று நினைத்து, கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பாவாடையைத் தடவினாள். அதற்கும் ஒரு சிரிப்பு. ஓபோக்காரன் ஒரு தாளம் முந்திப் பாய்ந்தான். கடைசியில் அவள் அந்த வரியைப் பாடியபோது ஒரு குஞ்சும் சிரிக்கவில்லை.

இடைவேளையில் மக்டலீன் கூண்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “பொத்தானில் இருந்தது யார்?”

பின்னால் பீலிக்ஸ். “அஜிதா, கொஞ்சம் முந்திவிட்டாயா?”

இது அஜிதாவின் கணக்கில் இருக்கவில்லை. சனத்துக்கும் சரி, பாடகிக்கும் சரி, மேலே எழுத்து முந்தி வந்தால் பிழை தட்டியவளுடையதுதான். எழுதியவளை யார் நினைப்பார்கள்?

அவள் வாய் திறப்பதற்குள் நிருபமா ஓடி வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. “இவள் சரியாகத்தான் தட்டினாள், பீலிக்ஸ். நான்தான் இரண்டாகப் பிரித்திருக்கவேண்டும். எனக்கு அது தெரியாது. பிழை முழுக்க என்னுடையது.” சொல்லிவிட்டு மக்டலீனிடம் மன்னிப்புக் கேட்டாள். அதையும் அழகாகக் கேட்டாள். மக்டலீனின் முகம் இளகியது. பீலிக்ஸ் நிருபமாவை ஒரு மரியாதையோடு பார்த்தான்.

அஜிதாவுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றியது. வரியும் அவளுக்கு, சிரிப்பும் அவளுக்கு. இப்போது குற்றத்தையும் அவளே தூக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாகப் போகப்போகிறாளா?

“பிழை என்னுடையது” என்றாள் பீலிக்ஸிடம். “இரண்டு கிழமைக்கு முன்பே கண்டேன். வேண்டுமென்றுதான் சொல்லவில்லை.”

மக்டலீன் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனாள். “வேலை விஷயத்தை இனிப் பேசத் தேவையில்லை என்று நினைக்கிறேன்” என்றான் பீலிக்ஸ். கோபமே இல்லாத குரல். அவனும் போனான்.

நிருபமா நின்றாள். “எப்ப பாத்த?”

“கோப்பு வந்த அண்டைக்கே கண்டனான்.”

“ஏன் சொல்லல?”

“நல்லா எழுதியிருந்தீங்கள். வேற பிழை ஒண்டும் கிடைக்கேல்லை.”

நிருபமா அவளையே பார்த்தாள். ஸ்வீட் என்று சொல்லவில்லை, சிரிக்கவில்லை. அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு கல் தெரிந்தது. அஜிதாவுக்கு அந்த முகத்தோடு பேசுவது சுலபமாக இருந்தது.

“வியாழக்கிழமை செகண்ட் ஷோ” என்றாள் நிருபமா, கணினியைத் தன் பக்கம் இழுத்து. “எங்க பிரிக்கணும்? காட்டு.”

அஜிதா இசைப் புத்தகத்தில் விரலை வைத்தாள். “இதில. ஓபோ நிண்ட பிறகு.”

நிருபமா வெட்டி ஒட்டினாள். இரண்டாவது வரி நூற்று நாற்பத்தெட்டாகியது. அதற்குக் கீழே இருந்த எண்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. இனி இசைப் புத்தகத்தில் பென்சிலால் குறித்த நானூற்று அறுபத்துநாலு எண்ணை அழித்து மாற்றவேண்டும், வியாழக்கிழமை அந்தக் கதிரையில் யார் இருந்தாலும். இடைவேளை முடியும் மணி அடித்தது. இன்றைக்கு மிச்சத்தைத் தட்டி முடிக்க வேறு ஆள் இல்லை. அஜிதா ஒரு கையைக் கணினியில் வைத்துக்கொண்டாள். மற்றக் கையால் அழிறப்பரைத் தேடினாள்.