காரணம் என்ற கட்டத்தில்

1

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு என் அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. இந்தக் கதை அதிலிருந்து பிறக்கவில்லை. பத்து ஐம்பதுக்கு விபத்து அறிக்கையில் ஏறிய ஓர் ஆங்கில அடைமொழியிலிருந்து பிறந்தது: ஆக்சிடென்ட்-ப்ரோன்.

2

தொடக்கம், முதல் வரைவு: 'தகடு வெட்டும் ஆலையின் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இருந்தான். அவன் கெட்டவன் அல்ல, ஆனால்—'

(அடித்துவிட்டேன். 'ஆனால்' வந்துவிட்டால் நீங்கள் அவனை மன்னிக்கத் தயாராகிவிடுவீர்கள்.)

3

ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் செல்லமாகவே புழங்குகிறது. குவளையைத் தவறவிடும் நண்பனை அப்படிச் சொல்வார்கள். அடிக்கடி அடிபடுகிறவர் என்று பொருள். அடித்தது எது என்று அந்தச் சொல் கேட்பதில்லை.*

எங்கள் வீட்டில் அதற்குத் தமிழ் உண்டு. அண்ணனின் பட்டப்பெயர் 'தடுக்கி'.

"உங்க அண்ணன் சமதரையிலயும் மேடு கண்டுபிடிச்சு விழுவாரு," என்பார் அண்ணி.

"விழுந்தாலும் உன் கால்லதானே விழுறேன்," என்பார் அண்ணன்.

* வெட்டும் இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மாட்டச் சொல்லி அண்ணன் இருமுறை கேட்டார். இது அடிக்குறிப்பில் இருக்க வேண்டிய செய்தி அல்ல. அறிக்கையில் அடிக்குறிப்பாகக்கூட இல்லை.

4

எழுத்தரை நம்ப முடியவில்லை. அவனுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். அடிபட்டவருக்கு முன்பின் தெரியாதவனாக ஆக்கினேன். மேலாளர் அவன் மேசையருகே வந்து நின்றார்.

"காரணம்ங்கிற கட்டம் காலியா இருக்கே. ஆள் எப்படி? உனக்குத் தெரியாததா?"

முன்பின் தெரியாதவனிடம் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். எழுத்தர் நான்தான்.

"எப்பவும் எங்கயாவது இடிச்சுக்குவாரு, சார்," என்றேன். பதற்றத்தில் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"அதையே எழுது."

எழுதினேன், கீழே கையெழுத்தும் போட்டேன்.

5

நாளை விசாரணை. அந்தச் சொல் நின்றால் அண்ணனுக்கு வேலை இல்லை. தடுப்பைப் பற்றிப் பேசினால் எனக்கு இல்லை.

முடிவு ஒன்று: பேசுகிறேன். (இரண்டு வரிக்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: பேசவில்லை. (தங்குதடையின்றி வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.)

எதை வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு நேரமில்லை, அறிக்கையின் நகலோடு அண்ணி என் மேசைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, இதைப் படிச்சிட்டு உங்க அண்ணன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. அர்த்தமெல்லாம் எனக்கு வேணாம். கீழ ஒரு கையெழுத்து இருக்கே, அது யாருது?"