இருபதாவது ஆமென்

லூசியம்மாள் குடியிருந்த மாடி அறை 2023 டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை மணிக்குத் தென்கிழக்காக நகரத் தொடங்கியது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்து அது. கீழே மன்சூர் அலியின் பை தைக்கும் பட்டறை. மேலே பத்துக்குப் பன்னிரண்டில் தகர அறை, ஏறிப்போக இரும்பு ஏணி. சாயங்காலத்துக்குள் அறை ஏணியை விட்டு இரண்டு முழம் விலகியிருந்தது. தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு இறங்கப்போன தாவீதுதான் முதலில் கவனித்தார். கால் வைக்கப் படி இல்லை.

தாவீதும் மனைவி லூசியம்மாளும் மலேசியாவின் கிள்ளானிலிருந்து மூன்று வருட ஊழியத்துக்கு வந்தவர்கள். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், பிழைத்தது கிள்ளானில். அவர் துறைமுகத்தில் குமாஸ்தாவாகவும் அவர் மனைவி தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாகவும் ஓய்வு பெற்றபின் சபை அவர்களை ஜெபித்து அனுப்பியது. தாவீது ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயாளிகளுக்காக ஜெபித்தார். லூசியம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் பெண்களுக்கு உபவாச ஜெபம் நடத்தி, அது முடிந்தபின் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பம்பாயில் பிறந்த அந்தப் பெண்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வேதாகமத்தை வருடக்கணக்காக மடியில் மூடியே வைத்திருந்தவர்கள். பத்தொன்பது பேர். ஒவ்வொருத்தியும் ஒரு சங்கீதத்தையாவது தானாக வாசிக்கும்வரை தாராவியை விட்டுப் போவதில்லை என்று லூசியம்மாள் அவர்களிடம் சொல்லியிருந்தார். ஒன்றரை வருடத்தில் எழுத்துகள் முடிந்து, கூட்டி வாசிப்பது தொடங்கியிருந்தது.

பிள்ளைகள் டிசம்பர் இருபதாம் தேதி வந்தார்கள். மகன் ஆன்றோவுக்கு முப்பத்திரண்டு வயது, சபைக்குப் போவதை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. மகள் அனிஷாவுக்கு ஐந்தாம் மாதம், முதல் பிரசவம் ஏப்ரலில். அவள் வந்ததே அம்மாவைக் கையோடு கூட்டிப்போகத்தான். அதை வந்த அன்றே சொன்னாள், மறுநாளும் சொன்னாள். நான்கு பேருக்கு இரண்டு பாய். ஆன்றோ கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டிப் படுத்தான். பொதுக் கழிப்பறை வரிசையில் பெண்கள் அனிஷாவை முன்னால் விட்டார்கள். அவளுக்கு அதுவும் அழுகையாக வந்தது. லூசியம்மாள் அந்த இரண்டு நாளும் உட்காரவில்லை. அடுப்பைப் பற்றவைத்தார், அணைத்தார். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். மகள் கேட்டதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எப்போதும்போல் கூடியது. வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தால் முடிவு ஜெபம் அவருக்கு என்பது அங்கே வழக்கம். ஆன்றோ மறுத்துப் பார்த்தான், விடவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, அம்மா எங்களோடு வருவதாகத் தெரியவில்லை, அதனால் ஆண்டவரே, இந்த வீட்டையே கிள்ளானுக்குக் கொண்டுவந்துவிடும் என்று வேகமாகச் சொல்லி முடித்தான். அந்தப் பெண்கள் வாக்கியம் முடிந்தால் ஆமென் சொல்வார்கள், வாக்கியம் என்ன என்று பார்ப்பதில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்கள். கஞ்சி வேறு இறக்கி வைத்திருந்தது. சத்தமாகவே சொன்னார்கள்.

ஏணிக்கும் அறைக்கும் நடுவே பட்டறையின் துணி வெட்டும் மேஜையைப் போட்டு அன்று இறங்கினார்கள். தான் விளையாட்டுக்குச் சொன்னது என்றான் ஆன்றோ. “இவங்க எல்லாரும் சேர்ந்து ஆமென் போடுவாங்கன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?”

“ஜெபத்துல விளையாட்டுன்னு ஒண்ணு கிடையாதுலே” என்றார் தாவீது. ஆமென் சொன்ன ஜெபத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று கிள்ளான் சபையில் முப்பது வருடமாகப் பிரசங்கித்தவர் அவர். இருந்தும் தனியாக முழங்காலில் நின்று எதிர் ஜெபம் செய்துபார்த்தார். அவர் ஜெபித்த ஒரு மணி நேரமும் அறை நின்றது. தொண்டை கட்டி எழுந்ததும் மறுபடி நகர்ந்தது. மன்சூர் அலி வந்து பார்த்தார். “டீச்சரம்மா, ரூம்தான் போகுது, போகட்டும். ஏணி என்னோடது. அது இங்கனயே நிக்கட்டும்” என்றார்.

சனிக்கிழமை அறை ரயில் பாதையைக் கடந்தது. மின்கம்பிகளுக்கு மேலாக அது போனபோது லோக்கல் ரயில்கள் வழக்கமான நேரத்தில் ஓடின. ஞாயிறு காலை கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி பால்கனிக்கு எதிரே இருந்தது. அங்கே குடியிருந்த வேங்கடசுப்ரமணியன் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பால்கனியிலிருந்து ஒரு பலகையை நீட்டிக் கொடுத்தார். “வெய்யிலை மறைக்கறேள். பரவாயில்லை, டிசம்பர்தானே. மார்ச்சுக்குள்ள நகர்ந்துடுவேளோன்னோ?” என்று மட்டும் கேட்டார். கிறிஸ்துமஸ் அன்று தாராவிப் பெண்கள் அவர் வீட்டு ஹால் வழியாகத்தான் அறைக்குப் போனார்கள். செருப்பை வெளியே விடச் சொன்னார். படிக்கட்டு முழுக்கச் செருப்பு.

அறை நின்று நின்று போனது. அனிஷாவுக்குத் தரை ஆட்டத்தில் வாந்தி எடுத்தது. தண்ணீருக்குத் தினம் ஒரு குழாய், குளிக்கத் தினம் ஒரு தெரு. லூசியம்மாள் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்து எந்த இடம் என்று பார்த்துவிட்டு, அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக எந்த பஸ் என்று கணவருக்குச் சொன்னார். பெண்கள் போன் செய்து வழி கேட்டார்கள். “அக்கா, இன்னைக்கு எந்த ஸ்டேஷன்ல உத்தரணும்?” என்று சுனிதா கேட்டாள். இறங்குவதற்கு அவர்களுக்கு அந்தப் பம்பாய் வார்த்தைதான். பத்தொன்பது பேரில் வாசிப்பில் முந்தியவள் அவள். உபவாசம் முடிந்து கஞ்சி ஊற்றுவதும் அவள்தான்.

வியாழக்கிழமை அறை செம்பூரைத் தாண்டி, எண்ணெய் லாரிகள் நிற்கும் மைதானத்துக்கு மேலே நின்றது. அதற்கப்பால் உப்பங்கழி. கழியைக் கடந்துவிட்டால் பஸ் கிடையாது, பெண்கள் பின்னால் வர முடியாது. பிள்ளைகளின் விமானம் சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை பத்தொன்பது பேரும் வந்தார்கள். பக்கத்துச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கட்டியிருந்த மூங்கில் சாரத்தில் ஏறி அறைக்குள் நுழைந்தார்கள். தாவீதும் அன்று இருந்தார். ஜெபத்துக்கு முன்னால் சுனிதா லூசியம்மாளிடம் ஒன்று கேட்டாள்.

“அக்கா, நா அன்னைக்கு கிளாஸ் எண்ணி கஞ்சி ஊத்துனேன். நாங்க பத்தொம்பது பேரு. உங்க பொண்ணு கீழ லைன்ல நின்னா, ஐயா ஆஸ்பத்திரில இருந்தாரு. ஆமென் இருவது கேட்டுச்சு.”

லூசியம்மாள் மடியில் இருந்த துணியை மடித்தார். “நான்தான் சொன்னேன்” என்றார். “மெதுவாத்தான் சொன்னேன்.”

தாவீது மனைவியைப் பார்க்கவில்லை. அனிஷா பார்த்தாள்.

அதன்பின் லூசியம்மாளே ஜெபித்தார். தான் ஆசைப்பட்டது தப்பு, கொடுத்த வார்த்தை முடியவில்லை, இந்த அறையைத் தாராவிக்கே திருப்பிக் கொண்டுபோய் விடும் என்று கேட்டார். வாக்கியம் முடிந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை. கீழே ஒரு லாரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. பெண்கள் அந்த ஒரு வாரத்தில் கேட்டுவிட்டுச் சொல்லப் பழகியிருந்தார்கள்.

“இதுக்கு நாங்க சொல்லமாட்டோம் அக்கா” என்றாள் சுனிதா. “தலைப்பிள்ளைய அவ யாரு கையில பெத்துக்குவா? நாங்க எங்க போயிரப்போறோம், பேசாம போயிட்டு வாங்க.”

பிறகு அவள் தானே ஜெபித்தாள். வாக்கியங்களைச் சின்னதாக வைத்துக்கொண்டாள். அக்காவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோம். குழந்தை தலை நிற்கும்வரை அங்கே வையும். அப்புறம் இதே அறையோடு இங்கே கொண்டுவாரும். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் லூசியம்மாளுடையதையும் அனிஷாவுடையதையும் சேர்த்து இருபது ஆமென் தெளிவாகக் கேட்டது. அதற்குமேல் ஆன்றோவும் ஒன்று சொன்னான். கடைசி வாக்கியத்துக்குத் தாவீது சற்றுத் தாமதித்துச் சொன்னார். அன்று மாலை அவர் தாராவியிலேயே தங்கிக்கொள்ள ஒரு பாயையும் வேதாகமத்தையும் எடுத்துக்கொண்டு சாரத்தின் வழியே இறங்கினார். லூசியம்மாள் சாதிக்காய் டப்பா எங்கே இருக்கிறது என்று சொல்லத் தொடங்கி, அதுவும் தன்னோடுதான் வருகிறது என்பதால் நிறுத்திக்கொண்டார்.

பிள்ளைகள் விமானத்தில் போனார்கள். அறை பொங்கலன்று சோலாப்பூரில் ஒரு சோளக்காட்டுக்கு மேலே இருந்தது. பிப்ரவரி முதல் வாரம் நெல்லூரில் கரையை விட்டது. கடலில் வேகம் கூடியது என்று லூசியம்மாள் பிற்பாடு சொன்னார். மார்ச் பதினெட்டாம் தேதி கிள்ளானில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் வாழைக்கு மேலே நின்றது. குடிநுழைவு அதிகாரி ஒருவர் வந்து ஜன்னல் வழியாகப் பாஸ்போர்ட்டை வாங்கி முத்திரை வைத்துக் கொடுத்தார். ஏப்ரல் ஒன்பதாம் தேதி பெண் குழந்தை பிறந்தது.

தாராவியில் மன்சூர் அலியின் ஏணி ஒன்றின்மீதும் சாயாமல் நின்றது. தாவீது பட்டறையில் தையல் மெஷின்களுக்கு நடுவே படுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் ஏணியடியில் உட்கார்ந்து பெண்களுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுத்தார். ற, ர வித்தியாசத்தில் அவர் லூசியம்மாள் அளவுக்குக் கண்டிப்பு இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். மழை தொடங்கியதும் தலைக்குமேல் நீலத் தார்ப்பாய் கட்டினார்கள்.

அறை செப்டம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பி வந்தது. தகரம் உப்பில் வெளுத்திருந்தது, கூரையில் காய்ந்த பாசி. ஏணியின் மேல்படிக்குச் சரியாக வந்து உட்கார்ந்தது. லூசியம்மாள் கதவைத் திறந்து, எத்தனை பேர் முடித்தீர்கள் என்று கேட்டார். பதினொரு பேர் என்றார் தாவீது. மற்ற எட்டுப் பேரும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஊழியக் காலம் முடிய ஒன்பது மாதம் இருந்தது. கடைசி ஆள் அதற்கு இரண்டு வாரம் முன்னால் நூற்றுமுப்பத்தொன்றாம் சங்கீதத்தை வாசித்தாள். அது மூன்றே வசனம்.

இப்போது அந்த அறையில் வேறு குடும்பம் இருக்கிறது. மன்சூர் அலி ஏணியை அறையோடு பற்றவைக்கவில்லை, கொக்கியில்தான் மாட்டியிருக்கிறார். அந்தச் சந்தில் ஜெபம் நடத்த வரும் ஊழியர்களுக்கு முதல் தடவை ஒரு குழப்பம் வரும். வாக்கியம் முடிந்ததும் அங்கே யாரும் உடனே ஆமென் சொல்வதில்லை. பெண்கள் கண்ணைத் திறந்து, கேட்டதை ஒருமுறை தங்களுக்குள் சொல்லிப் பார்க்கிறார்கள். ஊழியர்கள் காத்திருக்கிறார்கள்.